பட்டம் முடிந்தது, அடுத்து என்ன? விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு மாதங்களுக்கு முன்பு கிழங்கு அழுகல் நோயைப் பார்க்க ஒரு மஞ்சள் வயலுக்குப் போயிருந்தேன். வடிகால் எடுக்கும் முறையையும் மருந்து ஊற்றும் முறையையும் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது அந்த விவசாயி வரப்பிலேயே நின்றார்.

"இன்னொன்னு கேக்கணுங்க மேடம். பொண்ணு பி.எஸ்சி. அக்ரி முடிச்சு மூணு வருஷம் ஆச்சுங்க. பரீட்சை எழுதிட்டே இருக்குது. இன்னும் எத்தனை வருஷம் விடறதுங்க?"

அவரிடம் நான் நான்கு கேள்விகள் கேட்டேன். எந்தத் தேர்வுக்குப் படிக்கிறார்? இதுவரை எத்தனை முறை எழுதியிருக்கிறார்? கடைசியாக எடுத்த மதிப்பெண் என்ன? கல்விக் கடன் தவணை எந்த மாதம் தொடங்கியது? நான்குக்கும் அவரிடம் பதில் இல்லை. அதே மனிதர் அந்த வயலில் எத்தனை மூட்டை விதைக் கிழங்கு நட்டார், எந்தத் தேதியில் மண் அணைத்தார், கூலி எவ்வளவு ஆனது என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லியிருந்தார்.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை. நான்கு ஆண்டுகள் கட்டணம் கட்டுவதில் காட்டும் கவனத்தைப் படிப்பு முடிந்தபின் வரும் 2 ஆண்டுகளுக்கு நாம் காட்டுவதில்லை. பயிருக்கு ஒரு பட்டம் தவறினால் அடுத்த பட்டம் வரும். பிள்ளைகளின் 22 வயது முதல் 25 வயது வரையிலான காலம் திரும்ப வராது. அந்தக் காலத்தை எப்படித் திட்டமிடுவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் கெடு வையுங்கள்

பட்டம் முடித்த பிள்ளையிடம் எல்லோரும் "என்ன வேலைக்குப் போகப் போறே?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு உடனே பதில் சொல்ல எந்தப் பிள்ளையாலும் முடியாது. அதற்குப் பதிலாக மூன்று விஷயங்களை வீட்டில் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள்.

1. எந்த வழியை முதலில் முயற்சி செய்வது?
2. அதற்கு எவ்வளவு காலம், எவ்வளவு பணம்?
3. அந்தக் காலத்துக்குள் கிடைக்காவிட்டால் அடுத்த வழி எது?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதற்கு முன்கூட்டியே பதில் இருந்தால், தேர்வில் தோற்ற பிள்ளை வீட்டில் தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை. அடுத்த வேலையைத் தொடங்கலாம். நான் பட்டம் முடித்தபோது எங்கள் வீட்டில் யாரும் கெடு வைக்கவில்லை. வங்கித் தேர்வுக்கு என்று ஒன்றரை ஆண்டு போனது. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முன்பே பேசியிருந்தால் முதல் தேர்வு முடிந்ததுமே முதுகலைக்கு விண்ணப்பித்திருப்பேன்.

கல்விக் கடனின் காலண்டர்

கல்விக் கடன் வாங்கியிருந்தால், கெடுவை முடிவு செய்வதில் அதற்கும் பங்கு உண்டு. வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன்பிறகு 1 ஆண்டும் தவணை கட்டத் தேவையில்லை. அதன்பிறகு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கிவிடும்.

தவணை இல்லாத காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உதாரணமாக, ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 ஆண்டுகளில் 4 லட்சம் ரூபாய் வாங்கியதாகவும், 10 சதவீதத் தனி வட்டி என்றும் வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வாங்கிய 1 லட்சத்துக்கு 5 ஆண்டு வட்டி, அடுத்ததற்கு 4 ஆண்டு, பிறகு 3, பிறகு 2 என்று கணக்கிட்டால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் சேர்ந்திருக்கும். கட்ட வேண்டிய மொத்தம் 5 லட்சத்து 40 ஆயிரம்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, பிள்ளை படித்தது தொழிற்படிப்பாக இருந்தால், இந்தக் காலத்து வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்கும். உங்கள் கடன் அதில் பதிவாகியிருக்கிறதா என்பதை வங்கிக் கிளையில் நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள். பிள்ளை உடனே முதுகலை சேர்ந்தால், தவணையைத் தள்ளிவைக்க வங்கிக்கு எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும். சேர்ந்துவிட்டதால் தானாகவே தள்ளிப்போகும் என்று இருந்துவிடக் கூடாது.

கல்லூரியை விட்டு வெளியே வரும்போதே வாங்க வேண்டியவை

மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்று, மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றோடு, தமிழ் வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றையும் உடனே வாங்கிவிட வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் நேரடி நியமனத்தில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஆனால் 2020-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழில் படித்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும். 1-ஆம் வகுப்பு முதல் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டியிருப்பதால், தேர்வு முடிவு வந்தபின் அலைவதைவிட இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டப்படிப்பைப் பதிவு செய்யுங்கள். அங்கே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகள் நடக்கின்றன. வெளியூர்ப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு மாதம் அங்கே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அந்தப் படிப்பில் பிடிப்பு இருக்கிறதா என்பது அந்த ஒரு மாதத்திலேயே தெரிந்துவிடும்.

வழி 1: அரசு மற்றும் வங்கித் தேர்வுகள்

வேளாண் பட்டதாரிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வேளாண்மை அலுவலர் தேர்வு, தோட்டக்கலை அலுவலர் தேர்வு, ஐ.பி.பி.எஸ். நடத்தும் வேளாண் கள அலுவலர் தேர்வு, நபார்டு வங்கியின் அதிகாரி தேர்வு ஆகியவை முக்கியமானவை. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்.

இதில் விவசாயப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை:

• வேளாண்மை அலுவலர் தேர்வு அறிவிப்பு ஒவ்வோர் ஆண்டும் வருவதில்லை. அதை மட்டும் நம்பிக் காத்திருப்பது, மழையை மட்டும் நம்பி ஆற்றுப் பாசன நெல் நடுவது போன்றது. டி.என்.பி.எஸ்.சி. வெளியிடும் ஆண்டுத் தேர்வு அட்டவணையைப் பார்த்துத் திட்டமிட வேண்டும்.

• வேளாண் கள அலுவலர் பணிக்கு வயது வரம்பு 20 முதல் 30. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 3 ஆண்டும், பட்டியல் வகுப்பினருக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு.

• டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் இதில் கவனக்குறைவாக இருக்கிறார்கள்.

• ஐ.ஏ.எஸ். போன்ற குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்கு, நான் முதல்வன் திட்டத்தில் ஒரு தேர்வு வைத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள்.

எத்தனை ஆண்டு விடலாம்? என் கருத்து, முழுநேரப் படிப்புக்கு அதிகபட்சம் 2 ஆண்டுகள். அதற்குள்ளும் மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டாவது முயற்சியில் மதிப்பெண் நன்றாக உயர்ந்து, கட் ஆஃப் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் இன்னொரு முயற்சி நியாயம். முதல் முறை எடுத்த அதே அளவில் நின்றால், படிக்கும் முறையையோ வழியையோ மாற்ற வேண்டும். விளைச்சல் ஏறாத ரகத்தை மூன்றாவது முறையும் அதே வயலில் நாம் போடுவதில்லை.

வழி 2: மேற்படிப்பு

வேளாண் முதுகலைப் படிப்பு 2 ஆண்டுகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய நுழைவுத் தேர்வு மூலம் மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் சேரலாம். அகில இந்தியத் தேர்வில் நல்ல தரவரிசை பெற்றால் மாதாந்திர உதவித்தொகையும் உண்டு. அந்தப் பிள்ளையின் படிப்பு வீட்டுக்குப் பெரிய பாரமாக இருக்காது.

ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் பணி, விதை நிறுவன ஆய்வுப் பிரிவு ஆகியவற்றுக்கு முதுகலை தேவை. ஆனால் "சும்மா இருக்கறதுக்கு எம்.எஸ்சி. படிக்கட்டும்" என்று சேர்ப்பது தவறு. முடிவெடுப்பதை அது 2 ஆண்டு தள்ளிப்போடும், அவ்வளவுதான். எந்தத் துறை, அதை முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று முன்னால் படித்த ஐந்து பேரிடமாவது பிள்ளை விசாரித்திருக்க வேண்டும்.

வழி 3: சம்பள வேலை

விதை, உரம், பூச்சிமருந்து, சொட்டுநீர், கோழித்தீவன நிறுவனங்களில் களப்பணியாளர் வேலை பட்டம் முடித்ததுமே கிடைக்கக்கூடியது. அலைச்சல் உண்டு. விற்பனை இலக்கும் உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுகளில் நூறு ஊர் மண்ணையும் சந்தையையும் பார்த்த அனுபவம் கிடைக்கும். பிறகு சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

உங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தையும் மறக்க வேண்டாம். 2020-ல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், ஒவ்வோர் அமைப்புக்கும் 3 ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவு உதவி உண்டு. முதன்மைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000 ரூபாய் வரையும், கணக்காளருக்கு 10,000 ரூபாய் வரையும் சம்பளத்துக்கு இதிலிருந்து எடுக்கலாம். பி.காம். முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஊரிலேயே கணக்காளர் வேலை ஒரு நல்ல தொடக்கம். ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த அமைப்புக்கு அரசு உதவி இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி, அதன்பிறகு சம்பளம் எங்கிருந்து வரும்?

வழி 4: சொந்தத் தொழில்

இங்கே மூன்று வாய்ப்புகள் உள்ளன.

முதலாவது, 2002 முதல் நடக்கும் வேளாண் மருத்துவமனை மற்றும் வேளாண் வணிக மையத் திட்டம். வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை, மீன்வளம் போன்ற படிப்புகளை முடித்தவர்களுக்கு 45 நாள் இலவசப் பயிற்சி தருகிறார்கள். அதன்பிறகு தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடன் பெறலாம். பொதுப் பிரிவினருக்கு 36 சதவீதமும், பெண்கள் மற்றும் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கு 44 சதவீதமும் மானியம். 20 லட்சத்துக்கு முறையே 7 லட்சத்து 20 ஆயிரமும், 8 லட்சத்து 80 ஆயிரமும் ஆகிறது.

இந்த மானியம் கையில் பணமாக வராது. வங்கியில் தனிக் கணக்கில் நின்று, கடனின் கடைசிப் பகுதியில் கழிக்கப்படும். அதுவரை தவணையைத் தொழில் வருமானத்தில்தான் கட்ட வேண்டும். "மானியம் வரும், அதை வைத்துக் கட்டிக்கொள்ளலாம்" என்று நினைத்துத் தொடங்கியவர்கள் முதல் ஆண்டிலேயே சிக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, தமிழ்நாடு அரசு 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த 1,000 முதல்வரின் உழவர் நல சேவை மையங்கள். வேளாண் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் 10 முதல் 20 லட்சம் ரூபாய் மதிப்பில் மையம் தொடங்க 30 சதவீத மானியம், அதாவது 3 முதல் 6 லட்சம் ரூபாய். தற்போதைய நிலையை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, இடுபொருள் கடை. பூச்சிமருந்து விற்பனை உரிமத்துக்கு வேளாண் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், அல்லது வேதியியல், தாவரவியல், விலங்கியல் பாடங்களுடன் கூடிய அறிவியல் பட்டமும் போதும். உர விற்பனைக்கு வேளாண்மை அல்லது வேதியியல் பட்டம் ஏற்கப்படும். மற்றவர்கள் 15 நாள் ஒருங்கிணைந்த உர மேலாண்மைச் சான்றிதழ்ப் பயிற்சி முடிக்க வேண்டும். ஆனால் கடனுக்குக் கொடுத்து வசூல் ஆகாமல் மூடிய கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆறு மாதமாவது ஒரு கடையில் சம்பளத்துக்கு இருந்துவிட்டுத் தொடங்கட்டும்.

வழி 5: நம் நிலத்துக்கே திரும்புவது

"ஒண்ணும் கிடைக்கலைன்னா காடு இருக்குல்ல" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். தோற்றவர்கள் வரும் இடம் விவசாயம் என்ற எண்ணத்தை நாமே அவர்கள் மனதில் போடுகிறோம். விருப்பத்தோடு வருகிற பிள்ளை வரட்டும். வந்தால் இப்படிச் செய்து பாருங்கள்.

• மொத்த நிலத்தையும் ஒப்படைக்க வேண்டாம். 50 சென்ட் முதல் 1 ஏக்கர் வரை தனியாகக் கொடுங்கள். அங்கே என்ன பயிர், என்ன ரகம், எப்போது விற்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நீங்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

• அந்த நிலத்துக்குத் தனி வரவு செலவு நோட்டு வைக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் உழைப்புக்கும் கூலி எழுத வேண்டும். அதை எழுதாவிட்டால் நட்டமும் லாபமாகத் தெரியும்.

• மீதி நிலத்தில் அவர் வேலை செய்தால் மாதம் ஒரு தொகை கையில் கொடுங்கள். 24 வயதில் பெட்ரோலுக்கு அப்பாவிடம் கேட்டு நிற்பதால்தான் பல பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறார்கள்.

• இரண்டு பட்டம் முடிந்ததும் நோட்டை வைத்து இருவரும் பேசுங்கள். ஒரு பட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மழையும் விலையும் ஒரு முறை யாரையும் ஏமாற்றும்.

செய்யக் கூடாதவை

1. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரிடம் பணம் கொடுக்கக் கூடாது. குரூப் 4, குரூப் 2ஏ பணிகளுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. மதிப்பெண்தான் முடிவு செய்கிறது. பணம் கேட்பவர் செய்து தரக்கூடியது எதுவும் அங்கே இல்லை.

2. பயிர்க்கடன் பணத்தைப் பயிற்சிக் கட்டணத்துக்குத் திருப்பக் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தில் குறித்த தேதிக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. கெடு தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும்.

3. உறவினர் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது. தேர்வில் தோற்றதைவிட இந்தப் பேச்சுதான் பிள்ளைகளை அதிகம் உடைக்கிறது. பிள்ளை சாப்பாட்டைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, அறைக்குள்ளேயே இருந்தால் அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும். தயங்க வேண்டாம்.

4. "பொண்ணுதானே, கல்யாணம் வரைக்கும் எழுதட்டும்" என்று விடக் கூடாது. அவருக்கும் கெடு வேண்டும், அடுத்த வழி வேண்டும். 44 சதவீத மானியம் பெண்களுக்குத்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த மஞ்சள் வயல் வீட்டில்

அடுத்த வாரமே அப்பாவும் மகளும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். மகள் நான்கு கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். வேளாண் கள அலுவலர் தேர்வு இரண்டு முறை எழுதியிருக்கிறார். இரண்டாவது முறை முதன்மைத் தேர்வு வரை போய்ச் சில மதிப்பெண்ணில் தவறியிருக்கிறார். அது அப்பாவுக்கு அன்றுதான் தெரிந்தது. "சொன்னா இன்னும் வருத்தப்படுவீங்கன்னு சொல்லலைப்பா" என்றார். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். இன்னும் ஒரு முறை அதே தேர்வு. அதுவரை வாரத்தில் 3 நாள் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை. அந்தச் சம்பளம் கடன் தவணைக்கு. முடிவு சாதகமாக இல்லையென்றால் அடுத்த மாதமே 45 நாள் பயிற்சிக்கு விண்ணப்பம். தேர்வு இனிமேல்தான் வரப்போகிறது. முடிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்னும் எத்தனை வருஷம் என்ற கேள்வி அந்த வீட்டில் இப்போது இல்லை. தாளில் தேதி இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் பட்டம் முடித்த பிள்ளை இருந்தால், அந்த நான்கு கேள்விகளை இன்று இரவு சாப்பிட்டபின் கேளுங்கள். அதட்டிக் கேட்க வேண்டாம். பயிரை எப்படி விசாரிப்போமோ அப்படிக் கேளுங்கள். திட்டங்கள், பயிற்சிகள் பற்றி மேலும் அறிய உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள்.